முகம் மறைத்த குத்தகை விவசாயிகள்

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் 1840களில் உழுத பலருக்கு நிலம் சொந்தமில்லை. வான் ரென்சிலர் குடும்பத்தின் பண்ணையில் 100 ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை 10 முதல் 14 புஷல் கோதுமை, நான்கு கொழுத்த கோழிகள், குதிரை வண்டியோடு வந்து ஒரு நாள் வேலை. குத்தகை உரிமையைக் கைமாற்றினால் விலையில் கால் பங்கு பண்ணையாருக்கு என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருந்தது.

1839-ல் பண்ணையார் ஸ்டீபன் வான் ரென்சிலர் இறந்தார். குத்தகை பாக்கி சுமார் 4 லட்சம் டாலர். அதை வசூலித்துத் தம் கடன்களை அடைக்கும்படி உயில் எழுதியிருந்தார். வாரிசுகள் நெருக்கத் தொடங்கினார்கள். ஷெரிஃபின் ஆட்கள் ஜப்திக்கு வந்தால், சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிடும் தகரக் கொம்பை விவசாயிகள் ஊதினார்கள். சத்தம் கேட்டதும் சீட்டித்துணி அங்கியும் ஆட்டுத்தோல் முகமூடியும் போட்டுக்கொண்டு கூட்டம் திரண்டது. 'காலிகோ இந்தியர்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். முகம் தெரிந்துவிட்டால் நிலம் போகும், சிறையும் வரும். பண்ணையாருக்கு மறைந்துகொள்ளும் அவசியம் இல்லை. அவருக்காகச் சட்டமே வந்து நின்றது.

1845 ஜனவரியில் சட்டமன்றம் அந்த முகமூடியைக் குறிவைத்தது. முகத்தில் சாயம் பூசியோ மூடியோ அடையாளத்தை மறைத்து வெளியே வருபவரை நாடோடிக் குற்றவாளியாகப் பிடித்து அடைக்கலாம் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், டெலவேர் கவுண்டியின் ஆண்டீஸ் ஊரில், 64 டாலர் பாக்கிக்காக ஒரு விவசாயியின் மாடுகளை ஏலம் விடப் போன இடத்தில் துணை ஷெரிஃப் ஆஸ்மன் ஸ்டீல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு நியாயம் சொல்ல முடியாது. இருவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. ஆளுநர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1847-ல் அடுத்த ஆளுநர் மன்னித்து விடுதலை செய்தார். கலகத்தை உண்மையில் தணித்தது 1846-ன் புதிய மாநில அரசியலமைப்புதான். 12 ஆண்டுக்கு மேற்பட்ட விவசாயக் குத்தகைகளை இனிமேல் எழுதக்கூடாது என்று அது தடை செய்தது.

குறை தீர்க்க வழி பிறந்த பிறகும் முகமூடிச் சட்டம் போகவில்லை. வடிவம் மாறி, பொது இடத்தில் பலர் கூடி முகம் மறைத்து நிற்பதே குற்றம் என்று நிலைத்தது. 1999-ல் மன்ஹாட்டனில் கூட்டம் நடத்த வந்த கு கிளக்ஸ் கிளான் குழு ஒன்று முகமூடியைக் கழற்ற வேண்டி வந்தது. கறுப்பின மக்களைக் கொன்று குவித்த ஓர் இயக்கத்தின் முகமூடி அது. கழற்ற வைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் 2011-ல் வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்களைக் கைது செய்யவும் அதே பிரிவுதான் உதவியது. கொலைமிரட்டலைத் தண்டிக்கத் தனிச் சட்டங்கள் உண்டு. முகத்தை மூடுவதையே குற்றமாக்கும்போது, யாரைப் பிடிப்பது என்பது தெருவில் நிற்கும் காவலரின் முடிவாகிவிடுகிறது. என்னால் ஏற்க முடியாதது இதுதான்.

2020-ல் கொரோனா வந்து, முகக்கவசம் அணியச் சொல்லி அரசே உத்தரவிட்டபோதும் அந்தப் பிரிவு ஏட்டில் இருந்தது. அந்த ஆண்டுதான் நீக்கினார்கள். நான்கே ஆண்டுகளில், 2024 ஆகஸ்டில், அதே மாநிலத்தின் நாசாவ் கவுண்டி புதிய தடை கொண்டுவந்தது: 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. மருத்துவக் காரணத்துக்கும் மத வழக்கத்துக்கும் விலக்கு உண்டு. நோய்த்தொற்றுக்கு அஞ்சி முகக்கவசத்தோடு கடைக்குப் போகிற ஒருவர், தன் நோயை நடுத்தெருவில் காவலரிடம் விளக்க வேண்டிய நிலை. உடனே நீதிமன்றம் போனவர்கள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடுகிறவர்கள்.