என்ஜினைத் திறக்கும் முன்

அம்பாசடர் காலத்துப் பட்டறையில், "புகை தள்ளுது, பிக்கப் இல்ல, ஆயில் குடிக்குது" என்று வண்டிக்காரர் சொல்லி முடிப்பதற்குள் மேஸ்திரியிடமிருந்து பதில் வந்துவிடும்: "கம்ப்ரஷன் போயிருச்சுண்ணே, இறக்கிப் பார்த்துரலாம்." அதை அவசரப் பதில் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு என்ஜினைத் திறப்பதே சோதனை. உள்ளே எது தேய்ந்திருந்தாலும் அதற்கு ஒரு வைத்தியம் கைவசம் இருந்தது. இன்றைக்கு அப்படித் திறக்க முடியாது. திறப்பதற்கு முன்பே உள்ளே என்னவென்று தெரிந்தாக வேண்டும். கார் பட்டறைகளில் நடந்த மாற்றங்களில் இதையே பெரியதாக நினைக்கிறேன்.

சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்று கசிவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான்: பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே போகும், சரியாக உட்காராத வால்வு வழியாகப் போகும், ஹெட் கேஸ்கட் வழியாகப் போகும். எந்த வழி என்று கண்டுபிடிப்பதுதான் அன்றும் இன்றும் வேலை.

அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் முன்பக்கம் ஹேண்டில் நுழைக்க ஓட்டை உண்டு. இக்னிஷனை அணைத்துவிட்டு, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்து (ஹேண்டில் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும்) மெதுவாகச் சுற்றுவார்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு கம்ப்ரஷன் வரும். நல்ல சிலிண்டர் வரும்போது ஹேண்டில் கையை எதிர்த்துத் தள்ளும், அழுத்திப் பிடித்தபடி நின்றால் மெல்ல இளகும். தேய்ந்த சிலிண்டர் வரும்போது எதிர்ப்பே இல்லாமல் கை வழுக்கிக்கொண்டு போகும். இரண்டே சுற்றில் நான்கு சிலிண்டரையும் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. பிறகு என்ஜினை ஓடவிட்டு பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். எந்த வயரைப் பிடுங்கியும் சத்தம் இறங்கவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. ஆயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை வந்தால் 'பேக் கம்ப்ரஷன்', அதாவது ரிங் வழியாகக் கீழே கசிகிறது. புகையிலும் ஒரு கணக்கு உண்டு. மேடு ஏறும்போது நீலப்புகை என்றால் ரிங். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிறகு மிதித்ததும் குப்பென்று கிளம்பினால் வால்வு கைடைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

கம்ப்ரஷன் கேஜ் அன்றும் இருந்தது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, முள் ஏறி நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றி, நான்கு எண்களைக் குறித்துக்கொள்வது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுப்பது. எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் விழுந்திருந்தால் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கலாம். ஆனால் பல பட்டறைகளில் கேஜ் இல்லை. மேஸ்திரிகளுக்கு அது பெரிய குறையாகவும் படவில்லை, எப்படியும் ஹெட்டைக் கழற்றத்தான் போகிறார்கள்.

கழற்றியதும் முதலில் உள்ளே போவது விரல்நகம். சிலிண்டரின் உச்சியில், ரிங் எட்டாத இடம் தேயாமல் பழைய அளவிலேயே நிற்கும். அதற்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம். பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் இடம் அது. ஆயில் படலம் அங்கே மெலிந்திருக்கும், வெடிப்பின் அழுத்தமோ உச்சத்தில் இருக்கும். அந்த விளிம்பில் நகம் மாட்டினால் வேலை உண்டு என்று அர்த்தம். அடுத்தது லேத் பட்டறை. போர் கேஜில் மேல், நடு, கீழ் என்று அளந்து, குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை பார்த்து, எத்தனை 'தௌ' போர் அடிக்கலாம் என்று முடிவாகும். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஓவர்சைஸ் பிஸ்டன் கடையில் கிடைத்தது. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. நாற்பதையும் தாண்டினால் ஸ்லீவ் போட்டு மறுபடி பழைய அளவு. 1489 சிசி அம்பாசடர் பிளாக் ஒன்று இப்படி உரிமையாளர்கள் பலரைப் பார்த்துவிடும்.

அத்தனை சீக்கிரம் தேய்ந்ததற்குக் காரணம் இரும்பு மட்டமானது என்பதல்ல. காலையில் சோக்கை இழுத்தால் கார்புரேட்டர் வழியாக அளவுக்கு மீறிப் போகும் பெட்ரோல், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். ஊர்ப்புழுதியை வடிகட்ட பழைய ஏர் ஃபில்டருக்குப் போதிய திறன் இல்லை. 2000-ஐ ஒட்டி, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ பரவியது. காகித ஃபில்டரும் மல்டிகிரேடு ஆயிலும் சேர்ந்துகொண்டன. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் ஹெட்டைத் தொடாமல் ஓடும் பெட்ரோல் கார்கள் இன்று சாதாரணம்.

ஆனால் தேய்ந்துவிட்டால் வழி குறுகிவிட்டது. பல கார்களில் அலுமினிய பிளாக், உள்ளே மெல்லிய இரும்பு லைனர். சிலவற்றில் லைனரே இல்லை, சுவரில் கோட்டிங் மட்டும். பல என்ஜின்களுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே வருவதில்லை. ஷார்ட் பிளாக்கை, அதாவது ஹெட்டுக்குக் கீழுள்ள பகுதியை, மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். ஹெட் போல்ட்டுகள்கூட பலவற்றில் ஒருமுறை இறுக்கினால் அவ்வளவுதான். தப்பாகக் கணித்துத் திறந்தால் அந்தச் செலவு முழுதும் வண்டிக்காரர் தலையில்.

அதனால்தான் இன்றைய கருவிகளை மதிக்கிறேன். பிஎஸ்-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2013-லிருந்து, கோளாறை வண்டியே குறியீடாகப் பதிந்துவைக்கும் ஓபிடி-2 வந்தது. பி0301 என்று ஸ்கேனர் காட்டினால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பேட்டரி கேபிளில் மின்னோட்டம் அளக்கும் ஒரு கிளாம்பை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினால், ஒவ்வொரு கம்ப்ரஷனுக்கும் மின்னோட்டம் ஒரு மேடாக எழும். எழாத மேடு நோயுள்ள சிலிண்டர். ஹேண்டிலைப் பிடித்த கை உணர்ந்த அதே எதிர்ப்புதான் இப்போது திரையில் தெரிகிறது. பிளக் ஓட்டை வழியாக போர்ஸ்கோப் கேமராவை இறக்கி, சுவரின் ஹோனிங் கோடுகள் இருக்கின்றனவா, கீறல் உண்டா என்று பார்க்கலாம். லீக்-டவுன் சோதனையில் பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திக் காற்றைச் செலுத்துவார்கள்; சைலன்சரில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

ஒரே சோதனையை நம்பினால் ஏமாறவும் கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீர் குடித்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும்; தண்ணீரை அழுத்த முடியாது. லேசாக வளைந்த ராடோடு வண்டி ஓடவும் செய்யும். அந்தச் சிலிண்டரில் கேஜ் குறைவாகக் காட்டும். லீக்-டவுனிலோ கசிவே இருக்காது. காற்று எங்கும் போகவில்லை, பிஸ்டன்தான் முழு உயரம் ஏறவில்லை. பிளக் ஓட்டை வழியாக நான்கு பிஸ்டன்களின் உச்ச உயரத்தையும் அளந்து ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். இதை ரிங் தேய்மானம் என்று எண்ணி ரிங் மாற்றினால், பணம் போகும், கோளாறு அப்படியே நிற்கும்.

கிளாம்பும் எல்லாம் அறிந்ததல்ல. அது ஒரு சிலிண்டரை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் செய்யும். டைமிங் செயின் ஒரு பல் தாவியதாலோ, நான்கும் சமமாகத் தேய்ந்ததாலோ எல்லாம் ஒன்றுபோல விழுந்திருந்தால், திரையில் நான்கு மேடுகளும் அழகாகச் சம உயரத்தில் நிற்கும். அங்கே பழைய கேஜைத்தான் மாட்டியாக வேண்டும்.

என்ஜினை இறக்க வேண்டும் என்று இன்று யாராவது சொன்னால், நான்கு சிலிண்டரின் எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் ஆயில் விட்டபின் எடுத்த எண்களையும் கேளுங்கள். டீசலில் அந்தச் சோதனை கூடாது. பேட்டரி முழு சார்ஜில் இருந்ததா, த்ராட்டில் முழுதாகத் திறந்திருந்ததா என்றும் விசாரியுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் நல்ல என்ஜின்கூடத் தேய்ந்ததாகவே காட்டும்.