தாழ்ந்த தந்திகள் – 9: சொல் போன இடத்தில் வில்

டபுள் பாஸின் நான்கு தந்திகளையும் ஈ, ஏ, டி, ஜி என்று கூட்டுவார்கள், தனி வாசிப்பு என்றால் ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுரம் ஏற்றிக்கொள்வார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கணக்கு இந்த வாரமும் கூடவே வரும்.

இந்த வாத்தியத்துக்கென்றே எழுதப்பட்ட தனி இசை குறைவு. 19ஆம் நூற்றாண்டில் டபுள் பாஸ் வித்வான் பொத்தேசீனி நிறைய எழுதிவைத்தார். ஆனாலும் ஒரு முழுக் கச்சேரிக்கு டபுள் பாஸ் கலைஞர்கள் வேறு வாத்தியங்களிடமும் பாடகர்களிடமும் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. அப்படி அவர்கள் விரும்பிப் போகும் இடங்களில் ஒன்று பிரெஞ்சுக் கலைப்பாடல். ஒரு கவிதை, ஒரு குரல், ஒரு பியானோ; மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும்.

கேப்ரியேல் ஃபோரேயின் ‘அப்ரே அன் ரேவ்’ பாடலை எடுத்துக்கொள்வோம். 1878இல் அச்சானது. கனவில் காதலியோடு வெளிச்சத்தை நோக்கிப் போனவன் விழித்துக்கொள்கிறான். அந்தக் கனவைத் திருப்பித் தரும்படி இரவிடம் கேட்கிறான். பாப்லோ கசால்ஸ் இதைச் செலோவுக்கு மாற்றிய பிறகு வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் இது சொந்தமாகிவிட்டது. ஆனால் செலோவுக்குப் பொருந்தியது டபுள் பாஸுக்கு அப்படியே பொருந்தாது.

முதல் கேள்வி ஸ்தாயி. உயர்ந்த குரலுக்கு எழுதிய மெட்டை இரண்டு ஸ்தாயி இறக்கினால் வாசிப்பவரின் விரலுக்குச் சுகம். ஆனால் மெட்டு பியானோவின் இடது கை சுரங்களோடு மோதும். சில இடங்களில் அவற்றுக்கும் கீழே போய்விடும். கூட்டுச் சுரத்தில் அடியில் ஒலிப்பதையே காது அஸ்திவாரமாக எடுத்துக்கொள்ளும். மெட்டே அஸ்திவாரமாகிவிட்டால் ஃபோரே எழுதிய ஹார்மனி வேறொன்றாக மாறிவிடும். ஆகவே ஒரு ஸ்தாயிதான் இறக்க வேண்டும் என்பேன். அதற்கு ஏறக்குறைய 105 செ.மீ. நீளமுள்ள தந்தியின் மேல் பாதியில், கட்டைவிரலையும் தந்தியின்மேல் வைத்து வாசிக்க வேண்டியிருக்கும். சிரமம்தான். ஆனால் அந்தப் பகுதியில் பிறக்கும் இறுக்கமான நாதத்தில்தான் இந்த வாத்தியம் மனிதக் குரலுக்கு மிக அருகில் வருகிறது.

இப்போது மெட்டு பியானோவின் வலது கை இருக்கும் இடத்துக்குள் நுழைந்துவிட்டது. ஃபோரே அங்கே ஒரே கூட்டுச் சுரத்தை மெல்லத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறார். அந்தக் கையை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிடும் வழி எனக்கு உடன்பாடில்லை. பாட்டின் அந்தி நேரத்து இருள் கலைந்துபோகும். மெட்டோடு உரசும் சுரத்தை மட்டும் கூட்டிலிருந்து எடுத்துவிட்டாலே போதும். இடது கையையோ தொடவே கூடாது. 1877இல் பாரிஸின் மத்லேன் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்த வந்து, பின்னாளில் அங்கேயே தலைமை ஆர்கன் கலைஞராக ஆனவர் ஃபோரே. கால்மிதிகளில் அடிச்சுரம் நடக்கும் வாத்தியத்தோடு வாழ்ந்தவர். அவர் பாட்டில் மெட்டுக்கு இணையான இரண்டாவது குரல் அந்த இடது கைதான்.

அடுத்து சுருதி. பாட்டு சி மைனரில் இருக்கிறது. ஏற்றிக் கூட்டிய வாத்தியத்தில் அது ஒலிக்க, விரல்கள் பி ஃபிளாட் மைனரில் நடக்க வேண்டும்: ஐந்து ஃபிளாட்டுகள், உதவிக்குத் திறந்த தந்தி அநேகமாக இல்லை. பி மைனருக்கு இறக்கினால் விரல்கள் ஏ மைனரில் நடக்கும். நான்கு திறந்த தந்திகளும் கூடவே அதிரும். ரெய்னால்தோ ஆன் 1916இல் இசையமைத்த ‘ஆ க்ளோரிஸ்’, தெபுஸ்ஸியின் ‘போ சுவார்’ இரண்டும் ஈ மேஜர். விரலுக்கு அது டி மேஜர், மாற்றவே வேண்டாம்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் பாட்டு செத்துக் கிடக்கலாம். காரணம், சொல் போய்விட்டது. பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லிலும் ஓரிடத்தை ஓங்கிச் சொல்லும் வழக்கம் கிடையாது. அசைகள் சமமாக ஓடும். அதனால் பல அசைகள் ஒரே சுரத்தில் வரிசையாக நிற்பதும் உண்டு. வில்லில் அவற்றைச் சேர்த்துவிட்டால் வெறும் நீண்ட சுரம். தனித்தனியாக அடித்தால் ஆணி அறைவது போலாகும். வில்லை ஒரே திசையில் ஓடவிட்டு, அசைக்கு அசை அழுத்தத்தை மட்டும் சற்றுத் தளர்த்தி மீண்டும் பிடிப்பதே சரியான வழி. சாகித்யம் தெரிந்த வைணிகர் எந்த எழுத்தில் மீட்டு விழ வேண்டும் என்று அறிந்திருப்பது போல, இங்கேயும் கவிதை தெரிந்திருக்க வேண்டும். வாத்தியத்துக்கு மாற்றிய பதிப்புகளில் பெரும்பாலும் சொற்கள் இருப்பதில்லை. மாற்றி எழுதுகிறவர் சுரங்களுக்குக் கீழே கவிதையை முழுக்க அச்சிட்டாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஃபோரேயின் பாட்டில் இரண்டாம் சரணத்தில் மெட்டு ஏறக்குறைய அப்படியே திரும்பி வருகிறது. பாடகருக்குப் புதிய சொற்கள் இருக்கின்றன. வாத்தியத்துக்கு அவை இல்லை. வித்தியாசத்துக்காக ஸ்தாயியை மாற்றுவதைவிட, அதே சுரங்களை அடுத்த தந்தியில் வாசித்தால் நிறம் அடர்த்தியாகும். கனவு கலையாமல் ஆழமாகும்.

எல்லாப் பாட்டையும் மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. 1885இல், 37 வயதில், எழுதுவதையே நிறுத்திவிட்ட ஆன்ரி துபார்க்கின் ‘ஃபிதிலே’யில் முடிவை நோக்கிப் பியானோ பொங்கி எழுகிறது. ஒரு குரல் அதன்மேல் ஏறி நிற்கும். டபுள் பாஸ் அதில் மூழ்கிவிடும். அதைப் பாடகர்களிடமே விட்டுவிடலாம்.

சொல்லே இல்லாமல் தாழ்ந்த குரலுக்கு எழுதப்பட்ட பாட்டு ஒன்று இருக்கிறது: 1907இல் ராவெல் குரல் பயிற்சிக்கென எழுதிய ஹபனேரா. இழக்கக் கவிதை இல்லை. ஆனால் குரல் நொடியில் உருட்டிவிடும் அலங்காரங்களை இந்தத் தடித்த தந்திகளில் எப்படிக் கொண்டுவருவது? அதை அடுத்த வாரம் பார்ப்போம்.