வீட்டிலேயே துணி டயப்பர் தைக்கலாமா? ஷிஃப்ட் வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

மகப்பேறு விடுப்பு 26 வாரம். அது முடிஞ்சு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ, திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டைக்கோ மறுபடியும் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது குழந்தைக்கு ஆறு மாதம்கூட முழுசா ஆகியிருக்காது. குழந்தையைப் பார்த்துக்கப் போற மாமியாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ முதலில் கேட்கிறது, "டயப்பர் வாங்கி வச்சிருக்கியா?" என்பதுதான்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு டயப்பர் 10 ரூபாய், ஒரு நாளைக்கு 5 என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,500 ரூபாய். குழந்தை தானாகச் சொல்லி டாய்லெட் போவதற்கு இரண்டு, இரண்டரை வயசு ஆகிவிடும். கான்ட்ராக்ட் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் பலரும் தையல் மெஷின் பக்கம் பார்க்கிறாங்க. எங்க பாட்டி லங்கோடு என்று சொன்னதுதான் இது, என்ன, இப்போ எலாஸ்டிக் சேர்ந்திருக்கு.

எந்தத் துணி சரி?

துணி மேல ஒரு சொட்டு தண்ணீர் விடுங்க. உடனே பரவி உள்ளே இறங்கினால் அது சரியான துணி. முத்து மாதிரி மேலேயே நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கலாம், இல்லைன்னா புதுத் துணியின் கஞ்சி போகவில்லை என்று அர்த்தம். நாலு வருஷம் துவைச்சு நைந்த வேட்டி, காட்டன் புடவை, பனியன் துணி எல்லாமே புதுத் துணியைவிட நன்றாக உறிஞ்சும். புதுசா வாங்கணும்னா பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் நெசவு ஊர்கள் நம்ம மாவட்டத்திலேயே இருக்கு. ஃபிளானல் வேண்டுமானால் ரயிலேறி சென்னை குடோன் தெருவுக்குப் போகலாம். எதுவானாலும் இரண்டு மூன்று முறை துவைச்ச பிறகே வெட்டணும். காட்டன் சுருங்கும், முதலில் தைத்துவிட்டால் அளவு போச்சு.

எப்படித் தைப்பது?

ரொம்ப சுலபமானது 70 செ.மீ. சதுரம். நாலு ஓரமும் மடிச்சு தைச்சா போதும். முக்கோணமா மடிச்சு கட்டலாம். ஒற்றைத் துணி என்பதால் சீக்கிரம் காயும். தவழுகிற குழந்தைக்கு சேஃப்டி பின் மட்டும் வேண்டாம்.

டயப்பர் வடிவமே வேணும்னா, குழந்தைக்குச் சரியாக இருக்கிற கடை டயப்பர் ஒன்றை விரித்து நியூஸ்பேப்பரில் வரைஞ்சுக்கோங்க. சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டணும். வெளிப்பக்கத்துக்கு பி.யூ.எல் எனப்படும் தண்ணீர் கசியாத துணி, உள்பக்கத்துக்குக் காட்டன். தொடை வளைவிலும் பின் இடுப்பிலும் கால் இஞ்ச் எலாஸ்டிக், மாட்டுவதற்கு வெல்க்ரோ. பின்பக்கம் ஒரு வாய் விட்டுத் தைத்தால் உள்ளே பேட் சொருகலாம். பேட் என்பது பழைய துணியை ஆறு மடிப்பாக வைத்துத் தைத்ததுதான். அத்தனை மடிப்பை சாதாரண ஊசி தாங்காது, 16-ம் நம்பர் ஊசி போடுங்க.

பலரும் தப்பு செய்யும் இடம் ஒன்று இருக்கு. பேட் நகராமல் இருக்கட்டும் என்று வெளித்துணியோடு சேர்த்து நடுவில் தைத்துவிடுவாங்க. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையிலும் ஈரம் கசியும். வெளித்துணிக்கு ஓரத்தில் மட்டும்தான் தையல். பழைய ரெயின்கோட், பிளாஸ்டிக் ஷீட்டும் வேண்டாம். காற்றே போகாமல் தோல் வெந்துவிடும்.

இந்தக் கசிவுப் பிரச்சினைக்கு வீட்டுத் தையல் மெஷினிலேயே விடை தேடியவர் அமெரிக்காவின் மரியன் டோனவன். 1940-களில் குளியலறைத் திரைச்சீலையை வெட்டி டயப்பருக்கு மேலுறை தைத்தார். 1951-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

துவைப்பதுதான் நிஜமான வேலை

தைப்பது இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. துவைப்பது தினமும். லைன் வீட்டில் ஒரே குழாய், மாடியில் ஒரே கொடி என்றால் யோசிச்சுதான் இறங்கணும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வருகிற அம்மா தலையிலேயே இந்த வேலை விழுந்தால் மிச்சமாகிற பணத்துக்கு அர்த்தமில்லை. அப்பாவும் அலசணும்.

ஒரு நாளைக்கு எட்டு, பத்து வேணும். மறுநாளைக்கு இன்னொரு செட். மலத்தை டாய்லெட்டில் தட்டிவிட்டு அலசி, சோப்பு போட்டுத் துவைச்சு, நுரை முழுசாகப் போகும்வரை அலசுங்க. கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கிகள் கூடாது, துணி உறிஞ்சாது. வெயிலில் காயணும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் பேட் காய இரண்டு நாள்கூட ஆகலாம். அந்த மாதங்களில் சதுரத் துணிதான் கைகொடுக்கும்.

துணி என்றாலே புண் வராது என்பது பொய். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும், மலம் போனால் உடனே. சிவப்பு இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்க.

முழுசா மாறணும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் கடை டயப்பர் என்று வைத்தாலே செலவு பாதிக்கு மேல் குறையும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும், அம்மா நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்பது 2017 சட்டத் திருத்தம். உங்க கம்பெனியில் காப்பகம் இருந்தால் துணி டயப்பரை மாற்றுவாங்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்க. ஈரமானதைப் போட்டு அனுப்ப ஜிப் வைத்த பை ஒன்று வேணும். மிச்சம் விழுந்த பி.யூ.எல் துண்டிலேயே அதைத் தைச்சிடலாம்.