எண்பதாவது நிமிடம் வரை காத்திருந்தவர்கள்

2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஹாங்காங் ஸ்டேடியத்தில் 38,000 பேர் அமர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் உடம்பில் இளஞ்சிவப்பு ஜெர்சி, முதுகில் 10. அமெரிக்காவின் இன்டர் மயாமி அணி ஹாங்காங் தெரிவு அணியோடு ஆடுகிறது, கோல்களும் விழுகின்றன. ஆனால் கூட்டத்தின் கண் பந்தின் மேல் இல்லை. கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்போது எழுந்து உடம்பைச் சூடேற்றப் போகிறார் என்பதிலேயே இருக்கிறது.

லியோனல் மெஸ்ஸி எழவே இல்லை.

மயாமி 4-1 என்று வென்றது. சொந்த ஊர் அணி தோற்றதற்காக யாரும் வருந்தவில்லை. ‘காசைத் திருப்பிக் கொடு’ என்ற முழக்கம் அரங்கைச் சுற்றி வந்தது. நன்றி சொல்ல ஒலிபெருக்கியைப் பிடித்த மயாமியின் பங்கு உரிமையாளர் டேவிட் பெக்கமின் பேச்சு ஊளைச் சத்தத்தில் மூழ்கிப்போனது. டிக்கெட் விலை 880 ஹாங்காங் டாலரில் தொடங்கி 4,880 வரை போயிருந்தது. மேல் விலை அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 50,000 ரூபாய். சீனப் பெருநிலத்திலிருந்து விமானச் சீட்டும் விடுதி அறையும் எடுத்து வந்தவர்களுக்கு அந்தச் செலவு தனி.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு நட்சத்திரத்தின் மீதான கோபம். ‘அடிபட்டவனை ஆடச் சொல்வது என்ன நியாயம்?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த வாரத்தில் யாருக்கு, எது, எப்போது தெரிந்திருந்தது என்று கணக்கெடுத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

சீசனுக்கு முந்தைய ஆட்டம் என்பது பயிற்சியாளருக்கு ஒத்திகை. ஓய்விலிருந்து திரும்பும் ஆட்டக்காரரை முதலில் அரை மணி நேரம், பிறகு ஒரு பாதி, அப்புறம் ஒரு மணி நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, லீக் தொடங்கும் நாளில் முழு ஆட்டத்துக்குத் தயாராக்குவதுதான் நோக்கம். முடிவு என்ன ஆனாலும் புள்ளிப் பட்டியலில் ஏறாது. இடைவேளையில் மொத்த அணியையும் மாற்றி இறக்குவார்கள். இளையோர் அணிப் பையனைக் கூட்டிவந்து சோதித்துப் பார்ப்பார்கள். இந்த அளவில் கோளாறு ஒன்றும் இல்லை. அதே ஒத்திகைக்கு அரங்கேற்றக் கட்டணம் வாங்கி, சுவரொட்டியில் நாயகன் படத்தைப் போடும்போதுதான் கோளாறு. பயிற்சியாளர் கையில் இருப்பது ஒரு அட்டவணை, ரசிகர் கையில் இருப்பது ஒரு வாக்குறுதி.

மயாமியின் அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தைப் பாருங்கள். ஜனவரி 19-இல் எல் சால்வடோரில் தொடங்கி, டல்லாஸ், ரியாத்தில் இரண்டு ஆட்டம், ஹாங்காங், டோக்கியோ என்று பூமியைச் சுற்றிவிட்டு, பிப்ரவரி 15-இல் சொந்த மைதானமான ஃபோர்ட் லாடர்டேலில் முடிந்தது. ஏழு ஆட்டம், ஒரே வெற்றி; அந்த ஒன்றும் ஹாங்காங்கில்தான். ரியாத்தில் அல் நஸரிடம் 0-6 என்று தோற்றார்கள். பயணம் முடிந்து ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, லீக்கின் முதல் ஆட்டம். முப்பத்தாறு வயதுக் காலுக்கு இது எந்த மருத்துவரும் எழுதித்தரும் அட்டவணை அல்ல. டிக்கெட் கவுன்டர் எழுதித்தந்தது.

ரியாத்தின் முதல் ஆட்டத்திலேயே, ஜனவரி 29 அன்று, தொடையின் உட்புறத் தசையில் வலி வந்ததாகப் பின்னர் டோக்கியோவில் மெஸ்ஸியே சொன்னார். ஸ்கேனில் வீக்கம் தெரிந்தது, கிழிசல் இல்லை. பிப்ரவரி 1-இல் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 83-ஆம் நிமிடத்தில்தான் களமிறங்கினார். ஆக, ஹாங்காங்கில் விமானம் தரையிறங்கும்போதே அவர் ஆடுவது சந்தேகம் என்பது அணிக்குள் தெரிந்த சங்கதி. விளம்பரத்தில் மட்டும் சந்தேகத்தின் நிழல்கூட விழவில்லை.

ஹாங்காங் அரசுக்கே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. மெஸ்ஸி குறைந்தது 45 நிமிடம் ஆட வேண்டும், காயமோ உடல்தகுதிக் குறைவோ இருந்தால் விலக்கு என்று ஏற்பாட்டாளருடன் பேசிவைத்திருந்தது அரசு. இரண்டாம் பாதியில் இறங்குவார் என்று ஆட்டத்துக்கு முன் உறுதி சொல்லப்பட்டதாகவும், இறங்கமாட்டார் என்ற தகவல் முடிய 10 நிமிடம் இருக்கும்போதுதான் வந்ததாகவும் பண்பாடு, விளையாட்டு, சுற்றுலாத் துறைச் செயலர் கெவின் யங் சொன்னார். கோப்பையையாவது அவரே மேடையேறி வாங்கட்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை. அமைச்சர் நிலையில் இருப்பவருக்கே எண்பதாவது நிமிடத்தில்தான் செய்தி என்றால், கடைசி வரிசையில் தோளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நின்ற அப்பாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஜெரார்டோ மார்ட்டினோ மன்னிப்புக் கேட்டார். மருத்துவக் குழுவின் முடிவு, சிறிது நேரம் இறக்குவதும் ஆபத்து என்றார். நம்பத் தகுந்த விளக்கம்தான். ஆனால் மூன்றே நாளில், பிப்ரவரி 7 அன்று, டோக்கியோ தேசிய ஸ்டேடியத்தில் விஸ்ஸல் கோபே அணிக்கு எதிராக மெஸ்ஸி 60-ஆம் நிமிடத்தில் இறங்கி, இயல்பாக அரை மணி நேரம் ஆடினார். மூன்று நாளில் வீக்கம் வடிந்திருக்கலாம். மருத்துவத்தில் அது அதிசயமில்லை. முன்கூட்டியே பேசியிருந்தால் இதை நம்பியிருப்பார்கள். பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சொன்ன எதுவும் ஹாங்காங்கில் எடுபடவில்லை.

இதில் இன்னொரு பொருத்தம் உண்டு. அதற்கு இரண்டே வாரம் முன்பு கிறிஸ்டியானோ ரொனால்டோவும் இதே நிலையில் இருந்தார். அவருடைய அல் நஸர் அணி சீனாவின் ஷென்ஜென் நகரில் ஜனவரி 24, 28 தேதிகளில் இரண்டு ஆட்டம் ஆட வந்தபோது அவருக்குக் காயம். ஆட்டங்களையே தள்ளிவைத்தார்கள். ரொனால்டோ செய்தியாளர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து, சீன ரசிகர்களிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்டார். ஏமாற்றம் இருந்தது, ஹாங்காங் அளவுக்குக் கொந்தளிப்பு இல்லை.

ரொனால்டோ அந்தப் பாடத்தைச் சும்மா கற்கவில்லை. 2019 ஜூலை 26 அன்று சியோல் உலகக் கோப்பை ஸ்டேடியத்தில் யுவென்டஸ் அணி கொரிய லீக் தெரிவு அணியோடு ஆடியது. 65,000 பேர் கூடிவிட்டார்கள், அணி வந்து சேரவில்லை. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதம். ரொனால்டோ 45 நிமிடமாவது ஆடுவார் என்று ஒப்பந்தம் இருப்பதாக ஏற்பாட்டாளர் சொல்லியிருந்தார். அவர் 90 நிமிடமும் பெஞ்சை விட்டு அசையவில்லை. இத்தாலி திரும்பியதும், வீடு வந்து சேர்ந்த மகிழ்ச்சியோடு ஓட்டப் பயிற்சி இயந்திரத்தில் துள்ளிக்கொண்டிருக்கும் காணொளியைப் பகிர்ந்தார். எரிகிற கொள்ளியில் எண்ணெய். கொரிய ரசிகர்கள் பகல் கொள்ளைக்காரன் என்ற சொல்லோடு அவர் பெயரை ஒட்டி ஒரு பட்டம் கட்டினார்கள். இன்றுவரை அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே ரசிகர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2020 பிப்ரவரியில் இஞ்சியோன் நீதிமன்றம், வழக்குப் போட்ட இரண்டு ரசிகர்களுக்குத் தலா 3,71,000 வான் கொடுக்கும்படி ஏற்பாட்டு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. 70,000 டிக்கெட் விலை, 1,000 கட்டணம், மீதி 3,00,000 மன உளைச்சலுக்கு. டிக்கெட்டைப் போல நான்கு மடங்குக்கு மேல் மனசுக்கு விலை போட்டது நீதிமன்றம். ஆனால் கவனியுங்கள், கொடுக்க வேண்டியவர் ஏற்பாட்டாளர். யுவென்டஸும் இல்லை, ரொனால்டோவும் இல்லை. ரசிகர் பணம் கட்டுவது ஒருவரிடம், நம்புவது இன்னொருவரை. நடுவில் இருக்கும் ஒப்பந்தத் தாளை அவர் பார்த்ததே இல்லை.

அதே சியோலுக்கு 2010-இல் பார்சிலோனா வந்தபோது, மெஸ்ஸி ஆடமாட்டார் என்று பயிற்சியாளர் பெப் கார்டியோலா முந்தின நாளே வாயைத் திறந்து சொன்னார். ஊரே கொதித்தது. மறுநாள் மெஸ்ஸி கால் மணி நேரம் ஆடி இரண்டு கோல் அடித்துவிட்டுப் போனார். முன்கூட்டிச் சொன்னதால் பேரம் பேச ரசிகருக்கு ஒரு இரவு கிடைத்தது என்று இதைப் படிக்கலாம்.

வெளிப்படையாகப் பேசுவதில் ஜோசே மொரினியோ ஒரு படி மேலே. 2018 ஜூலையில் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் மான்செஸ்டர் யுனைடெட் லிவர்பூலிடம் 1-4 என்று தோற்றது. உலகக் கோப்பை ஆடிய முன்னணி வீரர்கள் பலர் விடுமுறையில் இருக்க, சிறுவர்களை வைத்து ஒப்பேற்றிய ஆட்டம். அரங்கில் 1,01,254 பேர். தான் ரசிகனாக இருந்திருந்தால் இந்த அணிகளைப் பார்க்கக் காசு செலவழித்திருக்கமாட்டேன் என்றார் மொரினியோ, டிக்கெட் விற்ற கிளப்பின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டே.

யார் ஆடுவார் என்ற தகவல் ரசிகரிடம் வந்து சேர ஒரு காலத்தில் ஒரே வழி இருந்தது. பயிற்சி மைதானத்தின் வேலியோரம் நிற்கும் உள்ளூர் நிருபர். யார் நொண்டுகிறார், யார் தனியாக ஓடுகிறார், யார் வரவே இல்லை என்று அவர் பார்த்து எழுதுவார். அந்த வேலி இப்போது உயர்ந்த சுவர் ஆகிவிட்டது. சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில்கூட நிருபர்களுக்குத் திறந்திருப்பது 15 நிமிடம். அந்த நேரத்தில் நடப்பது பெரும்பாலும் வட்டமாக நின்று பந்தைத் தட்டுவது. தந்திரப் பயிற்சி தொடங்கும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் சில கதவடைத்தே நடக்கும். அணிப் பட்டியலில் பெயருக்குப் பதில் ‘சோதனை ஆட்டக்காரர்’ என்று மட்டும் இருக்கும்.

மெஸ்ஸி விஷயத்தில் இது இன்னும் முற்றிய நிலை. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் செய்தியாளர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அமெரிக்க லீக்கின் விதி. 2023 ஆகஸ்ட்டில் நியூயார்க் ரெட் புல்ஸுக்கு எதிராக மெஸ்ஸி தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடி, கோலும் அடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினார். விதி அப்படியே இருக்கிறது என்று லீக் நினைவூட்டியதோடு சரி. அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் மெஸ்ஸியின் அமெரிக்க வருகையைப் பற்றிய ஆவணத் தொடரை வெளியிட்டது. லீக்கின் பத்தாண்டு ஒளிபரப்பு உரிமையை, இரண்டரை பில்லியன் டாலர் ஒப்பந்தத்தில், வாங்கியிருந்ததும் ஆப்பிள்தான். கேமரா உள்ளே போகத் தடையில்லை. கேள்வி உள்ளே போகத்தான் தடை.

இங்கிலாந்தில் இந்தக் கதவடைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 2010-இல் சவுதாம்ப்டன் கிளப், வெளிப் புகைப்படக்காரர்கள் வேண்டாம், படங்களை நாங்களே தருகிறோம் என்றது. எதிரணி ஊரான பிளிமத்தின் நாளிதழ் அசரவில்லை. உள்ளூர் வரலாற்றாசிரியர் ஒருவரைக் கார்ட்டூன் வரையவைத்து, ஆட்டச் செய்தியைக் கேலிச் சித்திரங்களோடு அச்சிட்டது. 2013-இல் நியூகாசில் யுனைடெட், ரசிகர்கள் நடத்திய எதிர்ப்புப் பேரணியைப் பற்றி எழுதியதற்காக உள்ளூர்ப் பத்திரிகைகள் மூன்றைத் தடை செய்தது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்டீவ் மெக்லாரனைப் பயிற்சியாளராக அறிவித்தபோது, பேட்டி ஒரு தொலைக்காட்சிக்கும் ஒரு நாளிதழுக்கும் மட்டும். காலங்காலமாக அந்த அணியைப் பின்தொடர்ந்த ஊர்ப் பத்திரிகை வாசலில் நின்றது.

அமெரிக்க ரசிகருக்கு இதற்கு மேலும் ஒரு குறை. அங்கே ஆட்டக்காரரின் ஒப்பந்தம் கிளப்போடு அல்ல, லீக்கோடு. அதனால் ஒருவர் எந்த அணிக்கு, எந்த விதியின் கீழ் வந்தார் என்பதே பல சமயம் புதிர். 2014-இல் ஜெர்மைன் ஜோன்ஸை சிகாகோவும் நியூ இங்கிலாந்தும் கேட்டன. லீக் சீட்டுக் குலுக்கிப் போட்டது, நியூ இங்கிலாந்துக்கு விழுந்தது. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனியில்கூடக் குலுக்கலை எல்லோர் கண் முன்னாலும்தான் செய்வார்கள். சம்பளக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுவதும் லீக் அல்ல, ஆட்டக்காரர் சங்கம்.

ஹாங்காங்குக்குத் திரும்புவோம். நுகர்வோர் மன்றத்துக்கு வந்த புகார்கள் ஆயிரத்தைத் தாண்டின. ஏற்பாட்டாளரான டாட்லர் ஆசியா நிறுவனம், அரசிடம் கேட்டிருந்த 1 கோடியே 60 லட்சம் ஹாங்காங் டாலர் மானியத்தை வேண்டாம் என்று விலக்கிக்கொண்டது. டிக்கெட் விலையில் பாதியைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. லாபம் பார்க்க வேண்டிய இடத்தில் 4 கோடிக்கு மேல் நட்டம் என்றது. மார்ச்சில் சீனாவில் அர்ஜென்டினா ஆடவிருந்த இரண்டு ஆட்டங்களில் ஹாங்ஜோ நகரம் ஒன்றை ரத்து செய்தது, பெய்ஜிங் மற்றொன்றைக் கைகழுவியது. அரசியல் காரணத்துக்காக ஆடாமல் இருந்தேன் என்பது பொய் என்று பிப்ரவரி 19 அன்று மெஸ்ஸி சீனாவின் வெய்போ தளத்தில் காணொளி போட்டார். ஒரு தசை வீக்கம் அயலுறவுச் சிக்கலாக வளர்ந்து நிற்க இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது. ரத்தான ஆட்டங்களை அர்ஜென்டினா அமெரிக்காவில் ஆடியது. மெஸ்ஸி அவற்றிலும் ஆடவில்லை. அதற்குள் பின்தொடைத் தசையில் புதிய காயம்.

2025-இல் மயாமியின் சீசனுக்கு முந்தைய பயணம் லாஸ் வேகாஸில் தொடங்கியது. மெக்சிகோவின் கிளப் அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மெஸ்ஸி தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார். அங்கிருந்து பெரு, பனாமா, ஹோண்டுராஸ் என்று போய், புளோரிடாவின் டாம்பாவில் பயணம் முடிந்தது. ஆசியாவின் எந்த ஊரும் அந்தப் பட்டியலில் இல்லை.