பேய்விரல் பிஸ்கட்டும் மளிகைக் கடையும்

தீபாவளி நெருங்கினால் நமது கடைகளில் கடலை மாவு, நெய், சீனி, ஏலக்காய் என்று சீட்டு நீளும். அந்தச் சீட்டின் அடியில் மைதா, வெண்ணெய், கோக்கோ தூள், கலர்ப் பொடி என்று சில்லறையாக நாலு சாமான் எழுதியிருப்பதைப் புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற ஊர்க் கடைக்காரர்கள் பார்த்திருக்கலாம். என்னவென்று விசாரித்தால், "பிள்ளை பேய் பிஸ்கட் செய்யணும்னு அடம் பிடிக்குது" என்று பதில் வரும்.

கேட்டுச் சிரித்துவிட்டு, "வெண்ணெய் இல்லையம்மா" என்று அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் வெண்ணெய்க்காக சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைகிறவர் வெண்ணெயோடு திரும்புவதில்லை. மாதச் சாமான் முழுவதையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வருகிறார். ஆகவே இந்தப் பேய் சமாசாரத்தை வியாபாரிகளாகிய நாம் சற்றுத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வேறொரு காரணமும் உண்டு. அது கலர்ப் பொடியைப் பற்றியது, பின்னால் சொல்கிறோம்.

அக்டோபர் 31ஆம் தேதி இரவை மேல்நாட்டார் ஹாலோவீன் என்கிறார்கள். மறுநாள் நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். அதற்கடுத்த நவம்பர் 2 நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அந்த நாளில் மெழுகுவர்த்தி எவ்வளவு போகும் என்பது நம் கடைக்காரர்களுக்குத் தெரியும். அயர்லாந்துக்காரர்கள் ஒரு காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியதும் கிழங்குக்குப் பதில் அங்கே தாராளமாக விளைந்த பூசணி வந்தது.

பூசணியில் கோர முகம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? நம் கடை வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணிதான். உருட்டு விழி, கோரைப் பல், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. அதைப் பார்த்துப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். குளமங்கலம் ஐயனார் கோயில் குதிரையை அண்ணாந்து பார்த்த பிள்ளை, விரல் நீள பிஸ்கட்டுக்கா பயப்படப் போகிறது? இதை அந்நிய வழக்கம் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். ஒரே ஒரு எச்சரிக்கை: காவல் தெய்வங்களை இதில் இழுக்க வேண்டாம். கடித்துத் தின்பதற்குத் திருஷ்டி பொம்மை முகம் போதும்.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வதற்கு மிக எளிது பேய்விரல் பிஸ்கட். அச்சு வேண்டாம், முட்டை வேண்டாம், ஐசிங் வேலையும் வேண்டாம். மாவை விரல் போல உருட்டி, நுனியில் நகத்துக்கு ஒரு பருப்பைப் பதித்தால் முடிந்தது. மேல்நாட்டில் நகத்துக்குப் பாதாம் வைப்பார்கள். நம் மாவட்டத்தில் அதற்கு அவசியம் ஏது? தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டை வழியாகப் போகிறவர்கள் முந்திரி வாங்காமல் வருவது அபூர்வம். நகத்துக்கு முழுப் பருப்பு உதவாது. இரண்டாகப் பிளந்த அரைப் பருப்புதான் தட்டையாக உட்காரும். முழுப் பருப்பை விட விலை குறைந்த, பல கடைகளில் டப்பாவின் அடியில் தங்கிவிடுகிற அதே சரக்கு. வறுக்காத வெள்ளைப் பருப்பாகக் கொடுங்கள். வறுத்த பருப்பு அடுப்பில் மேலும் கருகிக் கசக்கும்.

அளவு இதுதான். மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சீனி 80 கிராம், இரண்டு ஏலக்காய், இரண்டு மூன்று ஸ்பூன் பால். கடைக்கு வரும் 100 கிராம் வெண்ணெய்க் கட்டி ஒன்று சரியாக இருக்கும். அது உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு சேர்க்க வேண்டாம். முதலில் வெண்ணெயையும் சீனியையும் குழைத்து, பிறகு மைதாவைப் போட்டுப் பிசைந்து, பாலைத் தெளித்து உருட்டினால் ஏறக்குறைய 25 விரல் வரும். ஆப்பச் சோடாவும் பேக்கிங் பவுடரும் கேட்டால், இதற்கு வேண்டாம் என்று நாமே சொல்லலாம். அவை மாவை உப்பி விரியச் செய்யும். விரல் வீங்கி வாழைக்காய் ஆகிவிடும். ஒரு பொட்டலம் குறைவாக விற்றாலும் பிஸ்கட் நன்றாக வந்தால் அந்த அம்மாள் அடுத்த முறையும் நம் கடைக்கே வருவார்.

நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் சீக்கிரம் இளகும். பிசைந்த மாவை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்தால் பிள்ளைகள் கையில் ஒட்டாது. சிறு பிள்ளையின் சுண்டுவிரலை விட மெல்லியதாக உருட்டச் சொல்ல வேண்டும். வேகும்போது எப்படியும் கொஞ்சம் பருக்கும். இரண்டு இடத்தில் லேசாகக் கிள்ளி, கத்தியின் முதுகால் மூன்று கோடு போட்டால் விரல் முட்டி தெரியும்.

ஓவன் உள்ளவர்கள் 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைக்கலாம். இல்லாதவர்கள் அடிகனமான பழைய பாத்திரத்தில் கல் உப்பை ஒரு விரற்கடை உயரம் பரப்பி, அதன் மேல் பிரிமணை வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே இறக்கி, சிறு தீயில் 20 அல்லது 25 நிமிடம் வைக்க வேண்டும். இந்த வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் அடுப்பருகே வரக்கூடாது. ஓரம் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திரும்ப வைத்துவிடாதீர்கள். ஆறினால் மொறுமொறுப்பு தானே வரும்.

பச்சை மாவைப் பிள்ளைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சை மைதாவிலும் நோய்க் கிருமி இருக்கலாம். 2016இல் அமெரிக்காவில் இந்தக் காரணத்துக்காகவே ஒரு பெரிய கம்பெனி பல லட்சம் கிலோ மாவைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு முந்திரி தொண்டையில் சிக்கலாம். அந்த வீட்டுக்கு நகத்துக்கு வெள்ளரி விதை கொடுங்கள். அது மெல்லியது, அசல் நகம் போலவே இருக்கும். பள்ளிக்கு எடுத்துப் போகிறவர்களிடம், முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு, சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை போடுவதும் நல்லது.

இனி கலர்ப் பொடி. பேய் என்றால் ரத்தம் வேண்டும், ரத்தம் என்றால் சிவப்புப் பொடி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும். நம் கடைகள் பலவற்றில் கோலக் கலரும் கேசரிக் கலரும் ஒரே தட்டில், சில சமயம் ஒரே அளவுப் பொட்டலத்தில் இருக்கின்றன. கடைப் பையன் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் தின்னப்போவது பிள்ளை. துணிக்கும் தோலுக்கும் போடும் ரோடமைன்-பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பஞ்சு மிட்டாய் விற்பனையே தடை செய்யப்பட்டது. விற்றவர்களில் பலர் சைக்கிளில் சுற்றும் ஏழை வியாபாரிகள். தங்கள் கையில் இருப்பது என்ன பொடி என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான். பிஸ்கட்டில் அவை ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். அரைக் கிலோவுக்கும் குறைவான இந்த மாவுக்குக் கணக்குப் போட்டால் 50 மில்லிகிராம் கூட இல்லை. வீட்டுத் தராசில் அதை நிறுக்க முடியாது. ஒரு சிட்டிகை என்று போடுகிற கை எப்போதும் கூடுதலாகவே போடும். கோலக் கலரை இன்றே வேறு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். உணவுக் கலரை லேபிள் உள்ள மூடிய டப்பாவாக மட்டும் விற்பது, உதிரியாக மடித்துக் கொடுப்பதை அடியோடு நிறுத்துவது, இரண்டும் நமக்கே பாதுகாப்பு.

உண்மையில் இந்தப் பிஸ்கட்டுக்குக் கலரே தேவையில்லை. வெந்த விரலில் நகத்தைப் பெயர்த்து, கீழே துளி சிவப்பு ஜாம் தடவி மறுபடி ஒட்டினால் ரத்தம் கசிந்தது போலவே இருக்கும். இதில்தான் பிள்ளைகளுக்கு அதிகக் குதூகலம். கறுத்த விரலுக்கு மைதாவில் இரண்டு ஸ்பூன் எடுத்துவிட்டு அதே அளவு கோக்கோ சேர்க்கலாம். மஞ்சள் பிடித்த பேய்க்கு மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. பீட்ரூட் சாறு பிசையும்போது அழகாக இருக்கும். ஆனால் அடுப்புச் சூட்டில் பழுப்பாகிவிடும். திருஷ்டி பொம்மை முகம் செய்ய விரும்பினால் மாவை வட்டமாகத் தட்டி, கண்ணுக்குக் காய்ந்த திராட்சை, பல்லுக்கு வெள்ளரி விதை, மீசைக்குக் கோக்கோ கலந்த மாவைத் திரித்து ஒட்டலாம்.

வியாபாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், கோக்கோ தூளுக்கு 18இலிருந்து 5 ஆகவும் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட சரக்கு தங்கியிருந்தால் கவனம் தேவை. கடையில் வாங்கும் பிஸ்கட்டுக்கும் அன்றே 18இலிருந்து 5 ஆகக் குறைந்ததால், விலை மலிவு என்று சொல்லி இந்தச் சாமான்களை விற்க முடியாது. பிள்ளை தன் கையால் செய்கிறது என்பதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

எல்லாச் சாமானையும் ஒரே பையில் கட்டி "பேய் பிஸ்கட் பை" என்று தொங்கவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். முன்கூட்டியே கட்டி வைத்தால் அது பொட்டலச் சரக்கு. பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய மாதம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட வேண்டும். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் மைதாவுக்கு வரி இல்லை. 25 கிலோ வரை லேபிள் ஒட்டிக் கட்டிய மைதாவுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் உண்டு. ஆகவே பை கட்ட வேண்டாம். மேலே சொன்ன அளவை ஒரு அட்டையில் எழுதி கல்லாப் பக்கம் மாட்டி, கேட்பவருக்கு எதிரிலேயே நிறுத்துக் கொடுங்கள். கூடவே மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம் வீட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஐப்பசி அடைமழையில் தட்டில் திறந்து வைத்த பிஸ்கட் ஒரே ராத்திரியில் நமத்துப் போகும்.