சிக்னல் இருக்கிறது, பாடம் வரவில்லை

தலைமையாசிரியர் அறையில் ரௌட்டர். அங்கே நின்று போனில் பார்த்தால் வேகம் 100 மெகாபிட். இரண்டு அறை தள்ளி எட்டாம் வகுப்பில், 40 பிள்ளைகள் டேப்லெட்டில் ஒரே விடியோவைத் தொட்டதும் திரையில் வட்டம் சுற்றத் தொடங்குகிறது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஆசிரியர் சாக்பீஸை எடுக்கிறார். இன்னும் வேகமான இணைப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சரியாகாது. நெரிசல் வெளியிலிருந்து வரும் கேபிளில் இல்லை, வகுப்பறைக் காற்றில் இருக்கிறது.

ஒரு வைஃபை சேனலில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். இரண்டு சேர்ந்து பேசினால் அலைகள் மோதி இரண்டுமே வீணாகும். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு, தீவுகளில் இருந்த முனையங்களை ரேடியோ வழியாக ஒரே கணினியோடு இணைத்தபோதே இந்தச் சிக்கல் வந்தது. அலோஹாநெட் என்ற அந்த வலையில் யாரும் எப்போதும் அனுப்பலாம். மோதினால் சிறிது நேரம் விட்டு மறுபடி அனுப்ப வேண்டும். இந்த முறையில் அலைவரிசையின் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்கு சொன்னது. வைஃபை இன்னும் கவனமானது. முதலில் காது கொடுத்துக் கேட்கும், சேனல் ஓய்ந்த பிறகே பேசும். ஆனாலும் 40 கருவிகள் முட்டும்போது காத்திருப்பிலேயே நேரம் கரைகிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1,500 பைட் கொண்ட ஒரு தரவுப் பொட்டலத்தை 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப கால் மில்லிவினாடிகூட ஆகாது. சிக்னல் தேய்ந்து வேகம் 1 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால், அதே பொட்டலத்துக்கு 12 மில்லிவினாடி. அதுவரை மற்ற எல்லாக் கருவிகளும் வாய்மூடி நிற்கும். ஆக, கடைசி பெஞ்சில் சிக்னல் எட்டாமல் தடுமாறும் ஒரே ஒரு டேப்லெட், முன்வரிசையின் வேகத்தையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. சுவர், இரும்பு பீரோ, நீர் நிறைந்த நம் உடம்புகள் எல்லாமே அலையை மட்டுப்படுத்துபவை. காலி வகுப்பில் ஓடிய விடியோ, பிள்ளைகள் நிறைந்ததும் திணறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

பிறகு என்னதான் செய்வது? சக்தி வாய்ந்த ஒரே ரௌட்டரை நடுவில் வைப்பது தவறான வழி. வகுப்புக்கு ஒரு அக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை பரப்பும் சிறு பெட்டி, அதுவும் சக்தியைக் குறைத்து வைப்பதே சரி. அடுத்தடுத்த வகுப்புகளுக்கு வேறு வேறு சேனல் வேண்டும், ஆனால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸில் நிறைய இருக்கின்றன. அந்த அலை சுவரைத் தாண்டும்போது அதிகம் தேய்கிறது என்பார்கள். வீட்டில் அது குறை. பள்ளியில் அதுவே வசதி, ஏனென்றால் பக்கத்து வகுப்பின் இரைச்சல் அவ்வளவாக உள்ளே வராது.

ஒவ்வொரு அக்சஸ் பாயிண்டுக்கும் கேபிள் இழுத்தாக வேண்டும். இங்கேதான் பலர் பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். டேப்லெட் சில ஆண்டுகளில் பழசாகும், சுவரில் ஓடும் நல்ல கேபிள் அதைவிட நெடுநாள் உழைக்கும். தரவும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகிற ஏற்பாடு இருந்தால், அந்தக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரு யு.பி.எஸ். வைத்தாலே போதும், கரண்ட் போனாலும் வகுப்பறை வைஃபை நிற்காது. நூறு மீட்டருக்கு மேல் ஒரே கேபிளாக இழுக்கக் கூடாது என்பதை மட்டும் கட்டட வரைபடத்தில் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அன்றாடம் பார்க்கும் விடியோக்களைப் பள்ளியிலேயே ஒரு சிறு கணினியில் சேமித்துவிட்டால், ஒரே பாடத்தை 40 முறை வெளியிலிருந்து இறக்க வேண்டியதும் இல்லை.

வேலையை முடித்த ஒப்பந்தக்காரர் தன் போனில் வேகத்தைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார். அப்போதே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எல்லா டேப்லெட்டிலும் ஒரே நேரத்தில் விடியோ ஓடவிட்டு, கடைசி பெஞ்சுக்கும் தடையில்லாமல் போகிறதா என்று பார்த்த பிறகு போடலாம்.