நஞ்சுக்கொடியும் தாயின் கணையமும்

கருவுற்ற பெண்ணுக்குச் சர்க்கரை கூடிவிட்டால் அவள் இனிப்பைக் கண்டபடி தின்றதுதான் காரணம் என்று அவள்மேல் பழி சுமத்துவது குடும்பங்களில் இன்றும் வழக்கமாக இருக்கிறது. அது அநியாயமான பழி. கர்ப்பகால நீரிழிவின் வேரைத் தேட வேண்டிய முதல் இடம், கருப்பையில் குழந்தையோடு சேர்ந்து வளரும் நஞ்சுக்கொடியே.

குழந்தை பிறந்த சற்று நேரத்தில் வெளிவரும் நஞ்சுக்கொடி ஏறத்தாழ அரை கிலோ எடையுள்ள வட்டமான திசுத் தட்டு. கருப்பைச் சுவரோடு ஒட்டியிருந்த அதன் ஒரு பக்கம் கருஞ்சிவப்பாக, பல மடல்களாகப் பிரிந்து கரடுமுரடாக இருக்க, குழந்தையை நோக்கியிருந்த மறுபக்கம் வழவழப்பாக, தொப்புள்கொடியிலிருந்து கிளைபிரியும் இரத்தக் குழாய்களோடு மினுங்கும். பெயரில் நஞ்சு இருப்பதாலோ என்னவோ, மண்ணில் புதைத்து மறந்துவிடும் இவ்வுறுப்பு, அதுவரை குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் கடத்தியதோடு, இரத்தத்தில் கலந்து தொலைவிலுள்ள உறுப்புகளையும் இயக்கும் ஹார்மோன்களைச் சுரக்கும் பெருஞ்சுரப்பியாகவும் இருந்தது.

அவற்றுள் நஞ்சுக்கொடி லாக்டோஜென், நஞ்சுக்கொடியின் வளர்ச்சி ஹார்மோன், புரோஜெஸ்டிரோன் ஆகியவை, தாயின் உடலில் சுரக்கும் கார்ட்டிசோலோடு சேர்ந்து, இன்சுலினின் வேகத்தைத் தணிக்கின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் செல்லக் கதவு திறப்பது கணையம் சுரக்கும் இன்சுலின். அக்கதவு இறுகிப்போகும் நிலையே இன்சுலின் எதிர்ப்பு. தாயின் தசைகள் எடுத்துக்கொள்ளாத சர்க்கரை குழந்தைக்குப் போய்ச் சேரட்டும் என்பதே உடலின் ஏற்பாடு. நஞ்சுக்கொடி வளர வளர, குறிப்பாக 24ஆம் வாரத்திலிருந்து, இவ்வெதிர்ப்பு ஏறிக்கொண்டே போவதால், கணையம் பேறுகாலம் நெருங்கும்போது வழக்கத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் இன்சுலின் சுரக்க வேண்டியுள்ளது. பரம்பரையாலோ உடல் எடையாலோ வயதாலோ அந்தச் சுமையைத் தாங்க முடியாத கணையம் பின்தங்கும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது.

சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே மிகுந்து வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதல் இன்சுலின் சுரக்க, அதனால் கொழுப்பு சேர்ந்து குழந்தை பெருத்துவிடுகிறது. பிறந்தபின் தாய்வழிச் சர்க்கரை நின்றும் இன்சுலின் குறையாததால் அதன் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் இதனை விளக்கினார்.

தமிழ்நாட்டில் இந்நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், 2022இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. அவரது குழு இம்மாநிலத்தில் 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 17.8 விழுக்காட்டினருக்கும் கிராமத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் இந்நீரிழிவு இருந்தது. கிராமம் தப்பிவிடவில்லை என்பதையே அந்த இரண்டாவது எண் சொல்கிறது.

அவர் வலியுறுத்திய சோதனை எளிது: சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 2 மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டினால் அது கர்ப்பகால நீரிழிவு. அனுமந்தன்பட்டி போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இதன் அருமை தனியானது. திராட்சைத் தோட்டத்துக்கோ, விடியுமுன் ஜீப் ஏறி மலைமேலுள்ள ஏலத்தோட்டத்துக்கோ கூலிக்குப் போகும் குடும்பத்துப் பெண்ணை, வெறும் வயிற்றோடு இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்பினால் அவள் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், அல்லது வராமலே போய்விடுவாள். முதல் வருகையிலேயே ஒரு முறையும், அதில் சர்க்கரை இல்லையெனில் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறையும் இச்சோதனையைச் செய்ய வேண்டும் என்கிறது மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல்.

கண்டறியப்பட்ட பெரும்பாலோருக்கு உணவு ஒழுங்கும் நடையுமே போதும். சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் அதன் ஹார்மோன்கள் வடிந்து, சர்க்கரை பெரும்பாலும் சில நாட்களில் இயல்புக்குத் திரும்பினாலும், திணறிய அந்தக் கணையம் அதே கணையம்தான் என்பதால், பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு இத்தாய்மாருக்குப் பல மடங்கு அதிகம். அதற்காகவே பிரசவம் ஆகி 6 வாரத்தில் தாய்க்கு மறுபடி சோதனை செய்யச் சொல்கிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வருவதும் அதே 6ஆம் வாரத்தில்தான். ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம்.